ஆறு வரியில் ஒரு நாடு: ஊவாவிலிருந்து ஓர் உரை

உலக நாடுகளைப் பற்றிய விவரக் கையேடுகளில் இலங்கைக்கு நேரே ஒரு சிறு பட்டியல் பல ஆண்டுகள் எண்கூட மாறாமல் அச்சாகி வந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு வகுத்த தலைப்புகளின்படி நாட்டின் தரையை அது கூறுபோடுகிறது. மொத்தம் ஆறே வரி.

விவசாய நிலம் 43.5 வீதம்.
அதில் உழுநிலம் 20.7 வீதம்.
நிரந்தரப் பயிர் 15.8 வீதம்.
நிரந்தர மேய்ச்சல் நிலம் 7 வீதம்.
காடு 29.4 வீதம்.
ஏனையவை 27.1 வீதம்.

இந்தப் பட்டியலைப் பொருளாதார மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், அதிகாரிகள் அறிக்கையில் சேர்க்கிறார்கள். அதற்கு ஓர் உரை எழுத வேண்டுமென்றால் ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் நின்று எழுதுவதே பொருத்தம் என்பது என் எண்ணம். பதுளையில் பஸ் ஏறி ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று போனால் ஆறு வரியும் ஜன்னலோரம் வந்துவிடும். பள்ளத்தில் வயல், மேட்டில் தேயிலை, அதற்கும் மேலே புல்மலை, உச்சியில் காடு, இடையிடையே கடைத்தெரு. அதோடு, இந்த ஆறு வரியில் எதற்குள் தங்களைத் தேடுவது என்று தெரியாத மக்கள் இங்கே வாழ்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர், மாவட்டத்தின் சனத்தொகையில் 18 வீதத்துக்கு மேல். அவர்களை மனத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

விவசாய நிலம்: 43.5 வீதம்

இது தனி வரியன்று, பின்னால் வரும் மூன்றின் கூட்டுத்தொகை. நாட்டின் தரைப்பரப்பு ஏறக்குறைய 62,700 சதுர கிலோமீற்றர். அதில் இது சுமார் 27,000 சதுர கிலோமீற்றர். இவ்வரிக்கு வேறு உரை வேண்டியதில்லை.

ஆனால் பட்டியல் முழுவதற்கும் பொருந்தும் ஒரு குறிப்பை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது நிலத்தின் பயன்பாட்டைச் சொல்லும் பட்டியல். உடைமையைச் சொல்லும் பட்டியல் போட்டால் வேறு படம் வரும். நாட்டின் காணியில் எண்பது வீதத்துக்கு மேல் அரசாங்கத்துக்குச் சொந்தம். ஊவாவின் பெருந்தோட்டக் காணியும் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். மலையில் தேயிலை நிற்கிறது என்பது ஒரு செய்தி. அந்த மலை யாருக்குச் சொந்தம் என்பது இன்னொன்று. அதில் யார் குடியிருக்கிறார்கள், எந்தப் பத்திரத்தின்பேரில் குடியிருக்கிறார்கள் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு மட்டுமே பட்டியலில் பதில் இருக்கிறது.

உழுநிலம்: 20.7 வீதம்

ஆண்டுக்குள் விதைத்து ஆண்டுக்குள் அறுக்கும் பயிர், சந்தைக்கும் வீட்டுக்குமான மரக்கறித் தோட்டம், ஐந்தாண்டுக்கு மேற்படாத தரிசு ஆகியவை இவ்வரியில் அடங்கும். ஒரே நிலத்தில் இரண்டு பயிர் எடுத்தாலும் பரப்பை ஒருமுறைதான் எண்ணுவார்கள். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்துவிட்டுக் கைவிட்ட நிலத்தை எண்ணவே மாட்டார்கள். உணவு விவசாய அமைப்பின் வரைவிலக்கணம் இவற்றை வெளிப்படையாகவே சொல்கிறது.

ஒருமுறைதான் எண்ணுவது என்றால் என்ன என்பதை வெலிமடையில் பார்க்கலாம். பெரும்போகத்தில் நெல் நின்ற அதே வயலில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் நிற்கும். வரப்புக்குள் தண்ணீர் நின்ற இடத்தில் நீளப் பாத்தி எழும்பும். ஊவா பரணகமையிலும் இதே கதைதான். நாட்டில் விளையும் உருளைக்கிழங்கில் பெரும்பங்கு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் விளைவது. ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கரின் வேலையைச் செய்கிறது. பட்டியல் அதை ஓர் ஏக்கர் என்றே எழுதும். குறை சொல்ல வேண்டியதில்லை, அது பரப்பளவுப் பட்டியல்.

இந்த வயல்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1817இலும் 1818இலும் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் ஊர்களைக் கொளுத்தின, பயிரை அழித்தன, ஆடுமாடுகளைக் கொன்றன. ஊவாவின் சிங்களக் கிராமத்தவர் தம் வறுமையின் கதையை இன்றும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அந்த நினைவை மதிக்காமல் இந்த மாகாணத்தின் காணியைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்த காயம் சட்டத்தால் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை அரசுக்குச் சொந்தம் என்று கொள்ள வழிசெய்தது. சேனைக் காணிக்கும் அது பொருந்தும். கண்டி நாட்டில் சேனைக்கு உரிமை கோருபவர் சன்னஸோ, வேறு கொடைப் பத்திரமோ, வரி கட்டிய ஆதாரமோ காட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் பயிர் நில்லாத நிலம் யாருக்கும் உரியதல்லாத நிலம் என்று ஆயிற்று. அப்படி அரசின் கைக்கு வந்த மலைகள்தாம் கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன.

சேனையை உழுநிலத்தில் எண்ணாதே என்று இன்றைய வரைவிலக்கணம் சொல்லும்போது அதில் எந்த வஞ்சனையும் இல்லை. கணக்கெடுப்பவருக்கு ஒரு வசதிக்கான விதி அது. ஆனால் மொனராகலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குரக்கனும் சோளமும் விதைத்த குடும்பத்துக்கு, கணக்கில் இல்லாத நிலம் கையைவிட்டுப் போகும் நிலம் என்பது 1840இலிருந்து தெரியும்.

தோட்டத்துத் தொழிலாளியின் மரக்கறித் துண்டும் இவ்வரியில்தான் சேர வேண்டும். லயம் என்னும் வரிசை வீட்டுக்குப் பின்னால், கானுக்கும் தேயிலைக்கும் இடையில், நாலு பாத்தி. ஒரு பாத்தியில் கோவா, ஒன்றில் லீக்ஸ், ஓரத்தில் பூசணிக்கொடி, பன்றி புகாமலிருக்கப் பழைய தகரத்திலும் சவுக்குக் கம்பிலும் வேலி. மாலை வேலை விட்டு வந்து, பீலித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து பாய்ச்சுவார்கள். வீட்டுக்கு எடுத்தது போக மிச்சம் ஞாயிறு சந்தைக்குப் போகும். வரைவிலக்கணப்படி இது உழுநிலம், சந்தேகமேயில்லை. ஆனால் அதைப் பயிரிடுபவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. துரை மாறினால் வேலியும் மாறலாம். மண்ணைக் கொத்தி, எருப்போட்டு, கல் பொறுக்கி இருபது வருடம் பண்படுத்திய பாத்தி அது. அதைக் காட்டி எந்த வங்கியிலும் கடன் கேட்க முடியாது.

நிரந்தரப் பயிர்: 15.8 வீதம்

ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் மறுபடி நடவேண்டாத பயிர்கள் இவை. தென்னை, இறப்பர், தேயிலை, பழமரம். ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீற்றர். அதில் தேயிலை இரண்டு இலட்சம் ஹெக்டெயர் அளவில் இருக்கிறது. ஆக நிரந்தரப் பயிரில் ஐந்திலொரு பங்கு, நாட்டின் தரையில் மூன்று வீதம். உலகமெங்கும் இலங்கையின் பெயரைக் கொண்டுபோனது அந்த மூன்று வீதம்.

ஊவாவில் முதலில் நின்றது கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் கண்டது, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி வீழ்ந்தது. தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதப் பாதை 1890களில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் வந்தது, 1924இல் பதுளையில் முடிந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் காய்ந்த காற்றில் கொழுந்து மெல்ல வளரும். அந்தப் பருவத்துத் தேயிலையின் வாசத்துக்குத்தான் ஊவாத் தேயிலை என்று உலகச் சந்தையில் தனி விலை. காற்றடிக்கும் காலத்தில் கொழுந்து குறையும், கூடை நிறையாது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது நிறை பிடிக்க முடியாத காலம். விலை உயரும் மாதமும் அவள் பேர், அதாவது நாட்கூலி, பாதியாகும் மாதமும் ஒன்றாகவே வருவது ஊவாவின் பழைய வழக்கம்.

நிரந்தரம் என்பது செடிக்கு முற்றிலும் உண்மை. மடுல்சீமையிலும் நமுனுகுலவிலும் விதையில் வந்த பழைய தேயிலை இன்னும் நிற்கிறது. கவ்வாத்து வெட்டி வெட்டி அதன் அடிமரம் தொடை மொத்தத்துக்குப் பருத்திருக்கும். அதை நட்டவரின் கொள்ளுப்பேத்தி அதே செடியில் கொழுந்து எடுக்கிறாள்.

உடைமைக்கு அந்த நிரந்தரம் இருந்ததில்லை. முதலில் வெள்ளைக்காரத் துரைமாரும் லண்டன் கம்பெனிகளும். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு நெல்வயலில் 25 ஏக்கர், மற்றக் காணியில் 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிர்வகித்தன. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குக் குத்தகை. 53 ஆண்டுக் குத்தகை அது, 2045இல் முடியும். இத்தனை கைமாற்றத்திலும் இடம் மாறாமல் இருந்தவர்கள் லயத்தில் இருந்தவர்கள். காணி சீர்திருத்தப்பட்டபோது காணியில் வேலை செய்தவருக்கு அதில் ஒரு துண்டும் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக வைத்திருந்தது. சீர்திருத்தத்தின் மேசையில் அவர்களுக்கு நாற்காலியே இல்லை. 1974இல் தோட்டங்களில் பட்டினி. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தின் டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர் எழுந்தபோது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். வாழ்கிற மண்ணிலிருந்து கிளப்பிவிடாதீர்கள் என்பதே அந்தப் போராட்டம் கேட்டது.

கிராமத்தவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1951இல் அறிக்கை தந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு, மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் கிராமங்கள் தோட்டங்களுக்கு நடுவே நெருக்குண்டு கிடப்பதை ஆராய்ந்தது. அந்த நெருக்கடி மெய். ஆனால் கிராமத்தவனின் காணியை எடுத்தது 1840இன் சட்டம், அதை வாங்கியது கோப்பித் துரை. பழி மட்டும் கூடையோடு வந்தவள்மேல் விழுந்தது. ஊவாவின் அரசியலில் இந்தத் தவறு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்திருக்கிறது.

இவ்வரிக்குள் இன்னொரு பிரிவு மறைந்திருக்கிறது. பத்து ஏக்கருக்குக் குறைவாகத் தேயிலை வைத்திருப்பவர் சிறு தோட்ட உடைமையாளர். இன்று நாட்டின் தேயிலையில் எழுபது வீதத்துக்கு மேல் அவர்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்கென்று ஓர் அதிகார சபை அமைக்க 1975இலேயே சட்டம் வந்தது. கன்று, உரம், மானியம், ஆலோசனை எல்லாம் அந்த வழியாகக் கிடைக்கும். பெரிய தோட்டத்தைவிடச் சிறு துண்டுதான் கூடுதலாகக் கொழுந்து தருகிறது என்பது நாடறிந்த செய்தி. அப்படியிருக்க, ஐந்து தலைமுறையாகத் தேயிலையைத் தவிர வேறெதையும் அறியாத குடும்பங்களை அந்த வகுப்பில் சேர்க்காமல் வைத்திருப்பது பெரும் அநீதி. தடையாக இருப்பது ஒன்றுதான், அவர்கள் பெயரில் காணி இல்லை. அண்மைக் காலமாகச் சில கம்பெனிகள் ஆளுக்கு ஆயிரம் செடி, இரண்டாயிரம் செடி என்று பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை விலைக்கு வாங்கும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. செடியைப் பார்ப்பது குடும்பத்தின் பொறுப்பு, மண் கம்பெனியின் கையில். உழைப்பில் சிறு உடைமையாளராகவும் உரிமையில் பழைய தொழிலாளியாகவும் இருக்கச் சொல்கிறது அந்த ஏற்பாடு.

நிரந்தர மேய்ச்சல் நிலம்: 7 வீதம்

ஐந்தாண்டுக்கு மேலாகப் புல்லாகவே இருக்கும் நிலம். ஊவாவுக்குப் புல்மலை புதிதன்று. பண்டாரவளை, தியத்தலாவை, பொரலந்தைப் பக்கம் காய்ந்த பத்தனைப் புல்வெளி அலை அலையாகக் கிடக்கும். மழைக்காலத்தில் பச்சை, காற்றுக்காலத்தில் மஞ்சள், யாராவது தீ வைத்தால் கருப்பு. தியத்தலாவைப் புல்மலையில் 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் போர்க்கைதிகளை அடைத்தார்கள், பின்னர் அது இராணுவத்தின் இடமாயிற்று. மிச்சத்தில் பல இடங்களில் கருப்பந்தைல மரமும் பைனும் ஏறின.

தோட்டத்து மாடு இந்த ஏழு வீதத்தை ஒருநாளும் கண்டதில்லை. அது லயத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில் கட்டியே கிடக்கும். புல் அதைத் தேடி வரும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர் ரோட்டோரத்திலும் கான் விளிம்பிலும் மண்திட்டிலும் புல்லை அறுத்துக் கட்டாகத் தலையில் வைத்து வருவார். அந்தப் புல் விளைந்த இடம் கணக்கில் தேயிலை மலை. மாடு தின்றது நிரந்தரப் பயிர் வரியிலிருந்து. காலையில் அந்த மாட்டின் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, சாணம் மரக்கறிப் பாத்திக்குப் போகிறது. பல குடும்பத்தில் பிள்ளையின் படிப்புச் செலவைத் தாங்குவது இந்த வருமானம். மேய்ச்சல் நிலம் ஒரு சாண்கூட இல்லாமல் நடக்கும் பால்பண்ணை இது.

காடு: 29.4 வீதம்

அரை ஹெக்டெயருக்கு மேற்பட்ட பரப்பு, ஐந்து மீற்றருக்கு மேல் உயரும் மரங்கள், பத்து வீதத்துக்குக் குறையாத விதான மூடல். இந்த மூன்றும் இருந்தால் காடு. ஆனால் விவசாயத்துக்கென்று வைத்திருக்கும் நிலம் சேராது. ஆகவே தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சவுக்கு எவ்வளவு உயர்ந்தாலும் காடாகாது. மரத்தை வெட்டிவிட்டு மறுபடி நடக் காத்திருக்கும் வனத்திணைக்கள நிலம், ஒரு மரம்கூட இல்லாவிட்டாலும் காடு. நட்ட பைனும் காடு, தானாக முளைத்த மலைக்காடும் காடு. இறப்பர் இரண்டு வரியிலும் இடம் பெறக்கூடியது.

அப்புத்தளைக்கு மேலே தங்கமலைக் காட்டுக்குள் ஒருமுறை நடந்தவர்களுக்கு, பண்டாரவளைப் பக்கத்துப் பைன் மரத்தடியும் அதுவும் ஒரே வரியில் வருவது மனத்துக்கு ஒவ்வாது. மலைக்காட்டில் பாசி பிடித்த கிளையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். பைனுக்கு அடியில் காய்ந்த ஊசியிலை மெத்தை, காற்றுக்காலத்தில் ஒரு தீப்பொறி போதும். ஊற்றைக் காப்பது முன்னது. ஊவாவின் காட்டை எண்ணுபவர்கள் இரண்டையும் வேறு வேறாக எண்ண வேண்டும் என்பதே என் முடிந்த கருத்து.

சேனைக்கு இங்கே ஒரு தொடர்ச்சி உண்டு. கைவிட்ட சேனையில் மரம் துளிர்த்து, பத்து வீத மூடலும் ஐந்து மீற்றர் உயரமும் எட்டும் என்று எதிர்பார்க்கக்கூடியதானால் அது காட்டு வரியில் சேரும். உழுநில வரி தள்ளிய நிலத்தைக் காட்டு வரி எடுத்துக்கொள்கிறது. காட்டுத் தேயிலையையும் நினைத்துப் பாருங்கள். லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் ஆளில்லாமல் விட்ட மலைகள் இருக்கின்றன. கவ்வாத்து இல்லாவிட்டால் தேயிலை மரமாகிவிடும். அங்கே பன்றிக்கும் குளவிக்கும் இடமிருக்கிறது. பக்கத்து லயத்தில் ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் இருக்கிறது.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ தேயிலையை உலர்த்த ஒரு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அதற்கென்று தோட்டங்கள் கருப்பந்தைல மரம் வளர்க்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் விறகுக்கு லொறியும் கணக்கும் உண்டு. அடுப்புக்குப் போகும் விறகைப் பெண்கள் கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டிச் சுமக்கிறார்கள்.

ஏனையவை: 27.1 வீதம்

கடைசி வரி. மேலே சொன்ன எதிலும் அடங்காத எல்லாமும் இங்கே. நகரம், ரோடு, ரயில்பாதை, பாறை, பள்ளிக்கூடம், கோயில், மயானம், விமான நிலையம், மணல்மேடு, எல்லயில் ஆண்டுக்காண்டு எழும்பும் விடுதிகள். நாட்டின் நாலிலொரு பங்குக்கு மேல் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது. நெல்லுக்கும் புல்லுக்கும் தனி வரி இருக்க, மனிதர் குடியிருக்கும் நிலத்துக்குத் தனி வரி இல்லாதது இந்தப் பட்டியலின் பெரிய குறை.

லயத்தை இங்கே வைப்பதா, நிரந்தரப் பயிரில் வைப்பதா? கூரை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆகவே இங்கே என்பார்கள். ஆனால் லயம் இருப்பது தேயிலைக்கு நடுவே, தேயிலைக்கு உதவாத துண்டு நிலத்தில். அந்தக் காலத்தில் துரைமார் நல்ல மண்ணைச் செடிக்கு ஒதுக்கினார்கள். சரிவும் ஓடைக்கரையும் லயத்துக்குக் கிடைத்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பிள்ளை கல்யாணம் முடித்தால் இஸ்தோப்பை மறைத்து இன்னொரு அறை. ஒரு லயத்துக்கு இரண்டு பீலி.

அந்த ஒதுக்கீட்டின் விலையை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் கண்டோம். கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போகச் சொன்னார்கள், எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. போவதற்கு ஒரு துண்டு நிலம் அவர்கள் பெயரில் எங்கும் இருக்கவில்லை. தப்பியவர்கள் மக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் காலம் கழித்தார்கள். 2016இல்தான் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கைக்கு வந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் மறுபடி பெரிய மண்சரிவுகளைக் கண்டது. மழை இயற்கை. எந்தச் சரிவில் யார் குடியிருப்பது என்பது மனிதர் செய்த ஒதுக்கீடு.

நிலத்துக்கு அடியில் நடப்பதும் இவ்வரியில் தெரியாது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 முதல் தண்ணீர் பாய்ந்தபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மேலே பயன்பாடு எதுவும் மாறவில்லை. வயல் வயலாகவே எண்ணப்பட்டது, நீர்தான் இல்லை.

தோட்டத்து ரோடும் ஏனையவையில் ஒன்று. நாட்டின் மற்ற ரோட்டுக்கு இல்லாத விதி அதற்கு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது. வாக்கு எடுக்கலாம், மதகு கட்ட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் வந்தது. சட்டம் மாறிய பின்னும் தோட்டத்து ரோட்டில் பிள்ளைத்தாச்சியைக் கட்டிலில் தூக்கிப்போகும் இடங்கள் மாறவில்லை.

இப்போது வீட்டுக்காணிக்கு வருவோம். 2015க்குப் பிறகு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்பது அரசாங்கத்தின் கொள்கையாக இருந்தது. பின்னர் பத்துப் பேர்ச்சஸ் என்றார்கள். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீற்றர். இதைக் கொடுப்பதற்கே காணி எங்கே என்று கேட்கிறார்கள், தேயிலைப் பரப்பு குறைந்துவிடும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாடெங்கும் ஒன்றரை இலட்சம் தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் வீதம் கொடுத்தால் சுமார் 6,560 ஏக்கர், அதாவது 27 சதுர கிலோமீற்றர். நாட்டின் தரையில் 0.04 வீதம். ஆறு வரியில் ஓர் எண்ணும் அசையாது. குடும்பத்துக்கு இருபது பேர்ச்சஸ் கொடுத்தால் தசமத்துக்குப் பின்னால் ஓர் இலக்கம் மாறலாம். அப்போதும் 76 சதுர கிலோமீற்றர்தான், 0.12 வீதம். இருபது பேர்ச்சஸில் ஒரு வீடு, ஒரு மாட்டுக்கொட்டில், நாலு பாத்தி, கொஞ்சம் தேயிலை எல்லாம் அடங்கும். நாட்டில் நிலம் இல்லை என்ற வாதத்துக்கு இந்தப் பட்டியலே மறுப்பு.

மலையக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காணிக்கென்று மேடை போட்டு ஏதாவது பத்திரம் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். அதில் உங்கள் பெயரும், மனைவி அல்லது கணவர் பெயரும், நில அளவையாளரின் வரைபட இலக்கமும், நாலெல்லையும், பரப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இவை இல்லாத தாள் உறுதியாகாது. தோட்டக் குத்தகை 2045இல் முடிகிறது. அதற்குள் இந்த வேலை முடிய வேண்டும்.